புருவத்துத் தழும்பைக் காணோம்

1991ஆம் வருஷம். பொங்கல் முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு வாடகை சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்த போட்டோ ஸ்டுடியோவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. படம் எடுப்பது ஓனர். டச்சப் செய்வது நான்.

டச்சப் என்றால் என்னவென்று என் பெண்ணே கேட்கிறாள், அதனால் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைப் படம் அது. கழுவிக் காயவைத்த நெகட்டிவை ஒரு கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, பின்னால் பல்பைப் போட்டுக்கொண்டு, ஊசி மாதிரி சீவின பென்சிலால் முகத்தின் மேல் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அதில் பென்சிலால் கறுப்பு ஏற்ற ஏற்ற, பிரிண்ட்டில் முகம் வெளுத்துக்கொண்டே வரும். பரு, மரு, கண்ணுக்குக் கீழே கருவளையம், எல்லாம் என் பென்சிலுக்குப் பயந்து ஓடும். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, காஞ்சிபுரம் வரைக்கும் என் கைக்குப் பேர் இருந்தது.

கல்யாணத்துக்குப் பெண்ணைப் படம் எடுக்க வருகிற அம்மாமார்கள் ஓனரைத் தாண்டி நேராக என்னிடம் வருவார்கள். "கொஞ்சம் கலரைத் தூக்கி வுட்ரும்மா, புண்ணியமாப் போவும்" என்று காதோடு சொல்வார்கள். நானும் தூக்கிவிடுவேன். கண்ணாடிக்கு முன்னால் ஒரு சீப்பும் பவுடர் டப்பாவும் எப்போதும் இருக்கும். டப்பா வாரத்துக்கு ஒன்று காலியாகும். படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாடையும் அந்தப் பவுடர் வாசனையும் கலந்து அந்த மாடிப்படியில் அடிக்கும் பாருங்கள், இன்றைக்கு எங்காவது அந்தப் பவுடர் வாசனை வந்தால்கூட நான் அந்தப் படியில் ஏறிவிடுவேன். பின்னால் தொங்கிய திரையில் ஏரியும் அன்னமும் வரைந்திருக்கும். வயர் இல்லாத ஒரு டெலிபோனும் உண்டு, காதில் வைத்துக்கொண்டு போஸ் கொடுப்பதற்கு.

நானும் நல்ல கறுப்பு. இதைச் சொல்லாமல் மீதிக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரே வசனம்தான் பேசுவார்கள்: "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." அந்த 'இருந்தாலும்' எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தும். சின்ன வயசில் மஞ்சளைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் கன்னம் புண்ணானதுதான் மிச்சம். ஸ்டுடியோவில் சேர்ந்து கை பழகினதும் நான் செய்த முதல் காரியம், என் படத்தை நானே மூன்று நாள் உட்கார்ந்து டச்சப் செய்ததுதான். ஓனரே அசந்துவிட்டார். அந்தப் படம்தான் அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த தரகர் பையில் இருந்தது.

அந்தத் தை மாதம் ஒரகடம் போகிற ரோட்டில் ஒரு கம்பெனி பெண்களை வேலைக்கு எடுத்தது. அப்போது அந்தப் பக்கம் கம்பெனி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம், மற்றதெல்லாம் நெல்லும் சவுக்குத் தோப்பும்தான். ஐம்பது பெண்கள் வேண்டுமாம். மண்ணூர், தண்டலம், வடக்குப்பட்டு என்று ஊர் ஊராகப் பெண்கள் வந்தார்கள். சென்னையிலிருந்து ஆட்கள் வந்து இன்டர்வியூ நடத்திவிட்டுப் போனார்கள். தேறினவர்கள் எல்லாரும் எங்கள் ஸ்டுடியோவில்தான் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வேண்டும் என்று கம்பெனியே ஏற்பாடு. படங்களைப் பெண்கள் கையில் கொடுக்க வேண்டியதில்லை, கம்பெனி கிளார்க் வந்து மொத்தமாக வாங்கிக்கொள்வார். ஓனருக்கு வாயெல்லாம் பல்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண். பத்தொன்பது வயசு இருக்கும். வடக்குப்பட்டுப் பக்கம் கூலி வேலை செய்கிற குடும்பம். என்னைவிட ஒரு சுற்று கறுப்பு. மற்ற பெண்கள் எல்லாம் பவுடர் டப்பாவுக்கு அடித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் தாவணித் தலைப்பால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் டப்பாவை நீட்டினேன். "வேணாங்க்கா, அரிக்கும்" என்றாள். படம் எடுத்து முடிந்ததும் சட்டென்று போய்விட்டாள்.

மறுநாள் அவள் நெகட்டிவ் என் சட்டத்துக்கு வந்தது. பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. ஐயோ பாவம், பவுடரும் போடாமல் இப்படி உட்கார்ந்திருக்கிறதே, நாளைக்கு இந்தப் படத்தைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்களே என்று தோன்றியது. மற்ற படங்களுக்குப் பத்து நிமிஷம் என்றால் இதற்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். நெற்றி, கன்னம், மூக்கு ஓரம் எல்லாம் பென்சில். இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருந்தது, அதையும் இருந்த இடம் தெரியாமல் நிரப்பிவிட்டேன். பிரிண்ட் போடும்போது இன்னும் கொஞ்சம் வெளுப்பாகவே போட்டேன். சாமிக்குப் படையல் போட்ட மாதிரி ஒரு திருப்தி எனக்கு. யார் என்னைக் கேட்டார்கள்? ஒருத்தரும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஓனர் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம் எடுக்கப் போய்விட்டார். நான் மட்டும்தான் கடையில். பதினோரு மணி சுமாருக்கு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அந்தப் பெண்தான். மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து நின்றாள்.

"யாருக்கா இங்க படம் கழுவுறது?"

"நாந்தான். இன்னா வோணும்?"

கையில் வைத்திருந்த படத்தை மேஜை மேல் போட்டாள். "இது யாரு?"

"உன் படம்தான். ஏன், நல்லா இல்லியா?" என்றேன். பாராட்டத்தான் வந்திருக்கிறாள் என்று ஒரு நொடி நான் நினைத்தேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"நல்லாத்தான் கீது. ஆனா இதுல நான் எங்க?"

அப்புறம் கொட்டித் தீர்த்தாள். அன்றைக்குத்தான் வேலையில் சேருகிற நாள். "கம்பெனி கேட்டாண்ட நிக்க வச்சி, படத்தப் பாத்துப் பாத்து ஒவ்வொருத்தரா உள்ள வுட்றாங்க. என் முறை வந்தா வாட்ச்மேன் படத்தப் பாக்குறாரு, என்னைய பாக்குறாரு. ஆபீசரைக் கூப்ட்டாரு. பாரத்துல அங்க அடையாளம்னு எழுதினோமே, 'இடது புருவத்துமேல தழும்பு'ன்னு? அந்த ஆபீசரு படத்துல அத்தத் தேடறாரு, காணோம். நீ யாருக்கு பதிலா வந்த, அக்காளுக்கா தங்கச்சிக்கான்றாரு. ஐயா நான்தான்யான்றேன். இந்தப் படத்தக் கையில குடுத்து, போய் இந்தப் பொண்ணக் கூட்டிக்கினு வா, அவளுக்குத்தான் வேலைன்ட்டாரு. நான் எங்க போய்த் தேடுவேன்க்கா இவள?"

அப்போதெல்லாம் ஒருத்தி தேறிவிட்டு இன்னொருத்தியை அனுப்புவது நடந்துகொண்டுதான் இருந்தது. அந்த ஆபீசர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. மத்தியானம் ஒரு மணிக்குள் சரியான அத்தாட்சியோடு வரவில்லையென்றால், வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிற பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

"இரு, நான் வேற படம் போட்டுத் தரேன்" என்று கதவைச் சாத்தினேன். "நானும் வரேன். நீ மறுபடியும் எதனா பண்ணிடுவ" என்று என் பின்னாலேயே இருட்டறைக்குள் வந்துவிட்டாள். கோபமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

நெகட்டிவைத் தேடி எடுத்து, பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தேன். ஒன்றரை மணி நேர வேலை ஒரு நிமிஷத்தில் பஞ்சில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. சிவப்பு விளக்கில் பேப்பரை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டினேன். முதலில் கண், பிறகு மூக்கு, பிறகு புருவம் என்று ஒவ்வொன்றாக வந்தது. தழும்பு வந்ததும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "தோ, வந்துட்டேன்" என்றாள். எத்தனையோ ஆயிரம் படம் கழுவியிருக்கிறேன், தன் முகத்தைப் பார்த்து அத்தனை சந்தோஷப்பட்ட ஒருத்தரை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிரிண்ட்டை ஹைப்போவில் போட்டு அலசி எடுத்தபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அந்த நேரத்துக்கு ஒரகடம் பக்கம் பஸ் கிடையாது. "நீயும் வா, நீதான் சொல்லணும்" என்றாள். கடையைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கி ஒரு வாடகை சைக்கிள் எடுத்தோம். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி மிதித்தாள். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து, ஈரப் படத்தின் ஒரு மூலையைப் பிடித்துக் கையை உயரத் தூக்கிக்கொண்டேன். காற்றில்தான் அது காய வேண்டும். எதிரே வந்தவர்கள் எல்லாம் இந்தப் பைத்தியங்கள் எங்கே போகின்றன என்று திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று வயல், நல்ல வெயில், சைக்கிள் செயின் கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

போகிற வழியில்தான் சொன்னாள், வேலை கிடைக்கவில்லையென்றால் என்ன ஆகும் என்று. "மாசி பொறந்தா என்னைய ரெண்டாந்தாரமாக் கட்டிக் குடுத்துடுவாங்கக்கா. அந்தாளுக்கு எங்க நைனா வயசு. இந்தக் கலருக்கு இவன் வந்ததே பெருசுன்னு எங்க அத்தைங்க சொல்லிக்கினு கீறாங்க. வேலைக்குப் போனா வுட்டுடறேன்னு நைனா சொல்லிக்கீறாரு."

அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து நான் அவளை எந்தக் குழியில் தள்ளப் பார்த்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. பேச்சை மாற்றத் தழும்பைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? எங்க ஊரு ஏரி ரொம்பி வழியறப்ப பசங்க மதகு மேலருந்து குதிப்பானுங்க. பொண்ணுங்கள்ல நான் ஒருத்திதான் குதிச்சேன். கல்லு பட்டு ஒரே ரத்தம்" என்று சிரித்தாள். முதுகைப் பார்த்துக்கொண்டு வந்ததால் எனக்கு முகம் தெரியவில்லை, ஆனால் குரலில் அத்தனை பெருமை. அதைத்தான் நான் குறை என்று நினைத்து மறைத்திருக்கிறேன்.

கம்பெனி கேட்டில் போய் இறங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். படம் ஓரத்தில் கொஞ்சம் சுருண்டிருந்தது, ஆனால் காய்ந்துவிட்டது. சேர்ந்த பெண்கள் எல்லாம் சாப்பாட்டு மணி அடித்து வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆபீசர் வந்தார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாரத்தைப் பார்த்தார். அவள் புருவத்தைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு கேட்டு நீங்க இப்படி மாத்திக் கொடுத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

ஆமாம் என்று சொன்னால் நான் தப்பித்துவிடலாம். வாடிக்கையாளர் கேட்டார், செய்தோம். ஆனால் கம்பெனிக்குக் கொடுக்கிற படத்தை மாற்றச் சொன்னாள் என்று பழி அவள் தலையில் விழும். இல்லையென்று சொன்னால் ஓனருக்கு வந்த ஆர்டர் போய்விடும், என் வேலையும் சேர்ந்து போகலாம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல சார். அவங்க கேக்கல. பவுடர்கூடப் போட்டுக்கல. நானாத்தான் செஞ்சேன்."

"எதுக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "கறுப்பா இருந்தாங்க சார்."

மரத்தடிப் பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு வாட்ச்மேன்தான் வாயைத் திறந்தார். "ஏம்மா, நீ மட்டும் இன்னா வெள்ளக்காரியா?"

மொத்தப் பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பு கூசிப்போய்விட்டது. சுற்றிலும் பார்த்தேன். வாட்ச்மேன் கறுப்பு, ஆபீசர் கறுப்பு, அந்தப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பு, நானும் கறுப்பு. யாரைப் பார்த்து நான் 'ஐயோ பாவம்' என்று பரிதாபப்பட்டேன்? எத்தனை வருஷமாக எனக்கு நானே பரிதாபப்பட்டுக்கொண்டு, அந்தப் பரிதாபத்தை ஊருக்கெல்லாம் பென்சிலால் பூசிக்கொண்டிருந்தேன்? 'இருந்தாலும்' என்று சொல்கிறவர்களைத் திட்டிக்கொண்டே, அவர்களைவிட அதிகமாக அதைச் சொன்னவள் நான்தான்.

ஆபீசர் சிரிக்கவில்லை. "இனிமே இந்த மாதிரி வேலை வச்சுக்காதீங்க. இதனால ஒரு பொண்ணு வேலை போயிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, புதுப் படத்தைப் பாரத்தில் பின் போட்டு, அவளை உள்ளே போகச் சொன்னார்.

அவள் நன்றியெல்லாம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? இரண்டு அடி போனவள் திரும்பி வந்து பழைய படத்தை என் கையில் வைத்தாள். "இத்த நீயே வச்சிக்கக்கா, எனக்கு வேணாம்." போய்விட்டாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் நடந்து வந்தேன். சொன்னேனே, எனக்கு ஓட்டத் தெரியாது.

மறுநாள் ஓனர் காய்ச்சி எடுத்தார். ஆனால் கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனுஷன், வேலையைவிட்டு அனுப்பவில்லை. "கேட்டா செய், கேக்காட்டி செய்யாதே" என்று சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொருவரையும் கேட்க ஆரம்பித்தேன், கலர் தூக்க வேண்டுமா என்று. பொய் சொல்ல மாட்டேன், முக்கால்வாசிப் பேர் தூக்கத்தான் சொன்னார்கள். தூக்கித்தான் கொடுத்தேன். நான் ஒருத்தி திருந்தினால் ஊர் திருந்திவிடுமா என்ன?

அந்த வருஷம் ஆடி மாசம் அவள் மறுபடி வந்தாள். கூட அவள் லைனில் வேலை செய்கிற மூன்று பேர். எல்லாரும் கம்பெனி கோட்டுப் போட்டுக்கொண்டு, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்கள். சேர்ந்து நின்று ஒரு படம் வேண்டுமாம். நான் வழக்கம்போல டச்சப் வேண்டுமா என்று வாயெடுப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள். "யக்கா, என்னைய மட்டும் கொண்டா. வேற எவளையும் கொண்டாந்துடாத!" மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதையை அவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. நானும் சிரித்தேன். அந்த ரெண்டாந்தாரக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டாராம்.

படம் எடுத்து முடிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். "நீ உன்னிய எடுத்துக்கினியா எப்பனா?" என்றாள். ஓனரும் விளக்கைப் போட்டுவிட்டார். பவுடர் டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. அந்த நெகட்டிவைப் பென்சிலால் தொடவும் இல்லை. பிரிண்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்து, தரகரிடம் இருக்கிற படத்தை வாங்கிக்கொண்டு இதைக் கொடு என்றேன். "உனக்கு இன்னாடி புத்தி கெட்டுப் போச்சா?" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அழுகை வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்றது என்னைத்தான் என்பதில் ஏதோ ஒரு மரியாதை இருந்தது. மூன்றாவது வீட்டிலிருந்து வந்தவரோடுதான் இத்தனை வருஷமாகக் குடித்தனம்.

இப்போது அந்த ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் கம்பெனி. ஈரப் படத்தை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டு போன இடத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அவள் எங்கே இருக்கிறாளோ, பேரன் பேத்தி எடுத்திருப்பாள். அவள் திருப்பிக் கொடுத்த படம் மட்டும் என் ஆல்பத்தில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் தரகர் பையிலிருந்து திரும்பி வந்த என் பழைய படத்தையும் வைத்திருக்கிறேன். இரண்டும் அக்கா தங்கை மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். போன மாசம் என் பெண் அதைப் பார்த்துவிட்டு, இவர்கள் யாரம்மா, நம் சொந்தமா என்று கேட்டாள்.

போய் இந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வா என்று அன்றைக்கு அவளிடம் சொன்னார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று இருபத்திரண்டு வயசுவரை அதே பெண்ணைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன், அந்த வெளுத்த பெண் எங்கேயும் பிறக்கவே இல்லை என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது ஏரி மதகிலிருந்து குதித்தவளின் அந்தத் தழும்புதான்.